மீனாட்சிக்கு நான் எழுதிக் கொடுத்த அப்பா

இந்த மாதக் கடைசியோடு என் மேசை காலியாகிறது. முப்பத்து மூன்று வயதில் பணி ஓய்வு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மூத்தவனுக்கு இரண்டு வயது, அடுத்தது மார்ச்சில். தீவிலிருக்கும் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பத்து காவான் தொழிற்சாலை வரை தினமும் காடி ஓட்டிப் போய்வர இனி என் முதுகு சம்மதிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

உங்களுக்காக ஓர் ஒப்படைப்புக் கோப்பை ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்தப் படிவம், எந்தக் கவுண்டர், எத்தனை நகல், எல்லாம் அதில் இருக்கிறது. மேலாளர் இருபது பக்கம் போதும் என்றார். அறுபத்திரண்டு பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். நான் இப்போது எழுதுவது அந்தக் கோப்பில் இல்லாதது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தவறை நம் அலுவலகத்துச் சீனரோ மலாய்க்காரரோ செய்திருக்க முடியாது. தமிழ் தெரிந்த என்னால்தான் முடிந்தது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் தமிழர்கள் என்பதால் உங்களாலும் முடியும்.

நம் வேலை என்னவென்று வெளியில் கேட்டால் மனிதவளம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில், வெளிநாட்டிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் ஓர் இன்ஜினியரை இந்த மலேசிய நாட்டின் கணினித் திரைகள் நம்பும்படி செய்வதுதான் வேலை. அவருக்கு நம்மைப் போல ஐசி என்ற அடையாள அட்டை கிடையாது. எந்தத் திரையைத் திறந்தாலும் முதல் கட்டம் ஐசி எண்ணைக் கேட்கும். பாஸ்போர்ட் எண்ணை இட்டால் சிவப்பாக மாறும். அதனால் வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு வருமான வரி எண் வாங்கிக் கொடுக்கிறோம். இந்த மண்ணில் அவருக்கென்று கிடைக்கும் முதல் எண் அது. அதன் பிறகுதான் வங்கி, வீடு, குடும்பத்தாருக்கான பாஸ் எல்லாம் நம் பட்டியலில் வரிசையாக வரும்.

நான் எதையும் இரண்டு முறை பார்ப்பவள். மேசை இழுப்பறையைப் பூட்டினேனா என்று பாலத்தின் பாதியிலிருந்து நினைத்து நினைத்து, அக்கரையில் திரும்பி மறுபடி ஆபிஸுக்கே வந்திருக்கிறேன். ஒரு ஜெர்மானியருக்கு மூன்று முன்பெயர்கள் இருந்தன. எந்த வரிசையில் எழுதுவது என்று கேட்க அவரை ஒரே நாளில் மூன்று தடவை அழைத்தேன். மூன்றாம் தடவை அவர் மிகவும் மெதுவாகப் பேசினார். ஜப்பானியர் என்றால் பாஸ்போர்ட்டின் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் படிப்பேன்.

பிறகு மீனாட்சி வந்தார். மதுரைக்காரர். தர ஆய்வுப் பிரிவுக்கு இன்ஜினியராக எடுக்கப்பட்டவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். எட்டு மாதக் கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்து சேர்ந்திருந்தார். குடும்பப் பாஸுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் கணவரும் குழந்தையும் வரலாம் என்பது கம்பெனி விதி. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. பால் கொடுத்தவராக இருக்க மாட்டார்.

எனக்கும் அப்போது பத்து மாதத்துப் பையன். தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் தாய்மார் அறை என்று ஒன்று இருக்கிறது. முன்பு ஸ்டேஷனரி வைத்திருந்த இடம். அங்கே காலை பத்தரைக்கும் மாலை மூன்றரைக்கும் நானும் மீனாட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து பம்ப் வைத்துப் பால் எடுப்போம். நான் என் பாலைப் பனிக்கட்டிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவர் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார். குழந்தை வந்து சேரும்வரை பால் வற்றக் கூடாது, அதற்காகத்தான் எடுக்கிறேன் என்று முதல் நாளே சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய படிவத்தை மட்டும் நான் ஒரே முறையில் நிரப்பினேன். பாஸ்போர்ட்டில் மீனாட்சி செந்தில்குமார் என்று இருந்தது. இதில் பார்க்க என்ன இருக்கிறது? நம் பெயர். நம் ஐசியில் பெண்கள் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் பெயர், நடுவில் 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். அனாக் பெரம்புவான், இன்னாரின் மகள். கல்யாணமானாலும் பேரன் எடுத்தாலும் அது மாறாது. என் ஐசியில் இன்றும் நான் என் அப்பாவின் மகள்தான், என் கணவருக்கு அதில் இடமில்லை. அதனால் மீனாட்சியின் பெயருக்கு நடுவில் விடுபட்டுப் போயிருந்த 'ஏ/பி'யை நானே சேர்த்தேன். பாஸ்போர்ட்டில் இல்லாததை இட்டு நிரப்பினேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உதவி செய்ததாகவே நினைத்தேன்.

தமிழ்நாட்டில் பல பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா, கணவர் என்று மூவர் பெயரும் அச்சாகியிருக்கும் என்பதும் தெரியும். அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும். சந்தேகம் வந்தால்தானே திருப்புவோம்.

நான்காம் நாள் எண் வந்தது. மீனாட்சி ஏ/பி செந்தில்குமார். மீனாட்சி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார். நடுவிலிருந்த இரண்டு எழுத்தை அவரும் பார்த்திருக்கிறார். வந்த புதிதில் எல்லாத் தாள்களிலும் புரியாத எழுத்துகள் நாலைந்து இருந்ததால் இதுவும் அப்படி ஒன்று என்று விட்டுவிட்டாராம்.

பிறகு குடும்பப் பாஸுக்கு விண்ணப்பம் போனது. அதை மீனாட்சியே பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரியாக நிரப்பியிருந்தார். கல்யாணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று, யாரும் கேட்காத வரி எண் தாளையும் சேர்த்து வைத்தேன். கேட்காத தாளை இணைக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அன்று இணைக்காமல் விட்டிருந்தால் அந்தத் தவறு இன்னும் எங்கேயோ படுத்திருந்து வேறொரு நாளில் எழுந்திருக்கும். இதில் எது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. கோப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பதாரரின் கணவர் பெயரும் தந்தை பெயரும் ஒன்றாக இருக்கின்றன. இருவரும் ஒரே நபரா? வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும். தராவிட்டால் விண்ணப்பத்தை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

நான் அதை நான்கு தடவை படித்தேன். மிக மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. தான் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்குத் தானே அப்பா என்று ஒருவரை நான் அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றியிருந்தேன். அந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, சிரிக்காமல், கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார்.

முதலிலிருந்து போட்டால் இன்னும் ஆறு வாரமாவது ஆகும். ஆறு வாரத்தில் பால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோதே எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

அன்று மூன்றரைக்குத் தாய்மார் அறையில் மீனாட்சி பாஸ் பற்றிக் கேட்டார். சிஸ்டம் ஸ்லோ என்றேன். இந்த வேலையில் நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளப் போகும் பொய் இதுதான். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், எல்லோருக்கும் சிஸ்டத்தின் மேல் ஏற்கெனவே கோபம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். புதன்கிழமை அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

வியாழன் காலை காதர் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கம்பெனியின் தாள்களை வேனில் எடுத்துக்கொண்டு கெப்பாலா பத்தாஸ் முதல் ஜார்ஜ் டவுன் வரை எல்லா அலுவலகங்களுக்கும் பதினைந்து வருடமாகப் போய்வருபவர். எந்தக் கவுண்டரில் யாருக்கு எப்போது பசிக்கும் என்பதுவரை தெரிந்தவர். அவர் கவலைப்படவே இல்லை.

"இதுக்கு ஏம்மா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? புது ஃபார்ம் ஒன்னு போடு. ஏ/பி இல்லாம சரியா எழுது. புது நம்பர் வந்துரும் லா. அத கொண்டு போய்க் குடு, பழசு தப்பா ஒட்டிப் போச்சுன்னு சொல்லிரு. பழைய நம்பர் பாட்டுக்கு ஓரமா கெடக்கட்டும். யாரு போய் தேடப் போறா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பையன் பிறந்தபோது பதினைந்து கிலோ அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்துப் போனது ஒன்றுதான்: யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மேலாளருக்கு வேண்டாம், மீனாட்சிக்கு வேண்டாம். புதுப் படிவத்தை அச்செடுத்தேன். இந்த முறை எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. தப்புக் காரியத்தை அவ்வளவு சரியாகச் செய்ய என்னால் முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதில் மீனாட்சியின் கையெழுத்து வேண்டும். பத்தரைக்குப் படிவத்தோடு மாடிக்குப் போனேன். அவர் முன்னதாகவே வந்திருந்தார். போனில் குழந்தையின் வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தால்தான் வருகிறது என்றார். பாட்டில் கால்வாசிகூட நிரம்பவில்லை.

"சிஸ்டம் இன்னும் சரியாகலையா மேடம்?"

சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துச் சொன்னதாக உங்களிடம் பெருமை பேச எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. அந்தக் கால்வாசிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நான்காம் தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை மின்னஞ்சலிலிருந்து காதர் அண்ணன் யோசனை வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். செந்தில்குமாருக்கு இது தெரிந்தால் ஒரு வருடத்துக்குக் கிண்டல் ஓயாது என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பம்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எத்தனை நாள் லேட் ஆகும்? அத மட்டும் சொல்லுங்க."

நாளைக்குள் சரிசெய்தால் தாமதமே ஆகாது, இல்லையென்றால் ஆறு வாரம் என்றேன். புதுப் படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"புது நம்பர் எனக்கு. சரி. அப்ப அந்தப் பழைய மீனாட்சி, எங்க வீட்டுக்காரரோட மக, அவ பாட்டுக்கு இந்த நாட்டுலயே இருப்பாளா?"

அவரே தொடர்ந்தார். "நான் தர ஆய்வுல இருக்கேன் மேடம். தப்பான பீஸ ஓரமா வச்சுட்டு அடுத்தத செஞ்சா, அந்தப் பழைய பீஸ் யார் கையிலயாவது போய்ச் சேரும். போய் இருக்கறதையே திருத்தச் சொல்லுங்க." பிறகு பாட்டிலை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். குழாயைத் திறந்தார். அன்று நான் போனைப் பார்க்கவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் ஊழியரிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டார். ஆயிற்று என்றேன். கம்பெனித் தாளில் கடிதம் எழுதிக்கொண்டு நாளை நீயே போ என்றார்.

அன்று மாலை முழுவதும் கடிதம் எழுதினேன். மலாயில், மூன்று பக்கம். தமிழ்நாட்டில் பெயர் வைக்கும் வழக்கம் பற்றி ஒரு பத்தி, மலேசியத் தமிழர்களின் வழக்கம் பற்றி ஒரு பத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பற்றி இரண்டு பத்தி. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், கல்யாணச் சான்றிதழும், கல்யாண போட்டோ ஒன்றும் இணைப்பு.

வெள்ளிக்கிழமை ஜார்ஜ் டவுனில் வரி அலுவலகத்துக் கவுண்டரில் என் எண் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டேகாலுக்குத் தொழுகை இடைவேளை, பிறகு இரண்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள். கண்ணாடி போட்ட நடுவயது அதிகாரி ஒருவர் இருந்தார். என் கடிதத்தை ஆர்வமாகத்தான் படித்தார். பெயர் பற்றிய பத்தியில் தலையசைத்தார், இது தனக்குத் தெரியாது என்றார். மூன்றாம் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு, எல்லாம் சரி புவான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தவறு செய்தது யார் என்று கேட்டார்.

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம்தான். மூன்று பக்கத்திலும் தவறு நடந்திருந்தது. செய்தவள் மட்டும் எங்கேயும் இல்லை.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். ஒரு வரி போதும், யார் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கணவரா பெண்ணா கம்பெனியா என்று நான் ஊகிக்க முடியாது என்றார். ஒரு வரி எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஊழியர் சரியான பாஸ்போர்ட்டைத்தான் கொடுத்தார், நான் தவறாக எழுதினேன். கீழே என் பெயரும் ஐசி எண்ணும். கோமதி ஏ/பி ராஜு. அந்த 'ஏ/பி'யை எழுதும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுடையது சரிதானே என்றார். சரிதான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் ஐசியை எடுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருத்தம் பதிவாகி வரப் பிற்பகல் மூன்று மணியாகிவிடும் என்றார்கள். இடையில் என் நேரமும் வந்துவிட்டது. அடுக்கு மாடிக் கார் நிறுத்தத்தில், காடிக்குள், சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் எடுத்தேன். அதே கட்டடத்தின் மேல் மாடியிலிருந்த மசூதிக்குத் தொழுகைக்கு வந்தவர்களின் வண்டிகள் வழியை அடைத்து நின்றன. நினைத்தாலும் காடியை வெளியே எடுத்துப் போக முடியாது. அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

மூன்றே காலுக்குத் திருத்திய தாள் கைக்கு வந்தது. அதே எண். பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. குடிநுழைவு அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அங்கே இருந்தவர் இளைஞர். பழைய தாளையும் திருத்திய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அப்படியானால் இவர் அப்பா இல்லை என்றார்.

இல்லை என்றேன்.

கணவர் மட்டும்தான்?

மட்டும்தான் என்றேன். முத்திரை விழுந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கல்யாண போட்டோவை யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வேலைநாளில் ஒப்புதல் வந்தது. அடுத்த சனிக்கிழமை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு காதர் அண்ணன் வேனில் மீனாட்சியை அழைத்துப் போனார். நான் போக வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் இரண்டு நகலோடு போய் நின்றேன். யாரும் எதையும் கேட்கவில்லை. செந்தில்குமார் ஒரு தோளில் குழந்தையும் மறு தோளில் பையுமாக வெளியே வந்தார். மீனாட்சி என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டார். இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

"என் ரெண்டு பொண்ணுங்களும் ஒன்னு சேர்றதுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க."

காதர் அண்ணன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மீனாட்சி சிரிக்கவில்லை, அவர் அதைக் கேட்கவே இல்லை. குழந்தையின் முன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். குழந்தை அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மீனாட்சி கையை மடக்கிக்கொண்டார். பரவாயில்லை, மெதுவாக வரட்டும் என்றார். எனக்குக் கணக்குப் போடத் தெரியும். பத்து வாரப் பிரிவு. அதில் என்னுடைய பங்கு எவ்வளவு என்று வழி முழுக்க யோசித்தேன். பாலத்தில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது, விமான நிலையமும் என் வீடும் தீவிலேயே இருக்கின்றன, பாலம் ஏற வேண்டியதே இல்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு மீனாட்சியிடமிருந்து செய்தி வந்தது. ஒரே சொல்.

"குடிச்சுட்டா."

திங்கட்கிழமை கம்பெனிப் பதிவில் குழந்தையைச் சேர்க்க வேண்டியிருந்தது. யாழினி செந்தில்குமார். யாழினி என்று தட்டியதும் என் விரல் பழக்கத்தில் அந்த இரண்டு எழுத்துகள் பக்கம் போனது. இந்த முறை அது முழு உண்மை. அவள் செந்தில்குமாரின் மகள்தான், அதில் உலகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். அதில் இல்லை. நான் எழுதவில்லை.

பிறகு கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.